74181 வைத்து வீட்டிலேயே ஒரு ப்ராசஸர்: முடியுமா, எதில் தொடங்குவது?

பிப்ரவரி 11

கேள்வி இது: "மைக்ரோப்ராசஸர் எதுவும் சேர்க்காமல், பழைய 74 வரிசை ஐசிகளை மட்டும் கோத்து வீட்டில் ஒரு ப்ராசஸர் செய்ய முடியுமா? முடியும் என்றால் எதில் தொடங்க வேண்டும்?"

முடியும். சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டு முன்கட்டில், அப்பாவின் தறிக்குப் பக்கத்தில், ஒன்று பாதி எழுந்து நிற்கிறது. 8 பிட், 16 பைட் நினைவகம், அவ்வளவுதான். ஆனால் முடிந்ததும் அது கூட்டும், கழிக்கும், வந்த விடையைப் பார்த்து ப்ரோகிராமில் வேறு இடத்துக்குத் தாவும். தாவத் தெரிந்துவிட்டால் அது கணினிதான்.

1971இல் இன்டெல் 4004 விற்பனைக்கு வரும்வரை ப்ராசஸர் என்றாலே பலகை பலகையாகச் சின்னச் சின்னப் பாகங்கள்தான். வந்த பிறகும் பெரிய இயந்திரங்களை வெகுகாலம் அப்படியே கட்டினார்கள். 1973இல் ஜெராக்ஸ் செய்த ஆல்ட்டோ கணினியில் கணக்குப் போட்டவை நான்கு 74181 ஐசிகள். ஒன்று 4 பிட், நான்கு சேர்ந்தால் 16. 1977இல் வந்த வேக்ஸ்-11/780 கணினியிலும் அதன் வேகமான வகை, 74எஸ்181. அதே ஐசி உங்கள் பிரெட்போர்டில் (சால்டர் இல்லாமல் வயரைச் செருகும் பலகை) உட்காரும்போது நீங்கள் பொம்மை செய்யவில்லை.

எதில் தொடங்குவது? என்னைக் கேட்டால் கூட்டலில். ஒரு 74181, சில சுவிட்ச், நான்கு எல்இடி. என்ன கணக்கு என்று சொல்லும் நான்கு செலக்ட் கால்களில் 1001, மோட் கால் கீழே (அதாவது 0), கேரி இன்புட், அதாவது முந்தைய இலக்கத்திலிருந்து ஏறி வரும் 1க்கான கால், மேலே (அதாவது 1). இந்தக் கேரி தலைகீழ் என்பதை மறக்காதீர்கள், மேலே என்றால் கேரி இல்லை, கீழே என்றால் உண்டு. 3ஐயும் 5ஐயும் வைத்து நான்கு எல்இடியில் 1000 எரிந்த ராத்திரி நான் விளக்கை அணைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 12

சொல்ல விட்டது: கிடைத்தால் 74எல்எஸ்181 வாங்குங்கள், அதே ஐசியின் குறைந்த மின்சார வகை. எல்எஸ் இல்லாத பழைய 74181 ஒன்றே கிட்டத்தட்ட 90 மில்லி ஆம்பியர் இழுக்கும். எல்எஸ் 20 பக்கம்தான்.

பிப்ரவரி 19

ஐசி எங்கே வாங்கினீர்கள் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். பாதி சென்னை ரிச்சி தெருவில். மீதி செவ்வாப்பேட்டைப் பழைய இரும்புக் கடையில், ஏதோ ஒரு மில்லின் கன்ட்ரோல் பலகைகள் எடைக்கு வந்திருந்தன, அவற்றிலிருந்து. ஈயத்தை உருக்கி உறிஞ்சி ஒவ்வொரு காலாக விடுவித்து எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் கால் உடையும்.

பழைய பலகையில் எடுப்பவர்களுக்கு இரண்டு விஷயம்.

முதலாவது, மேலே அச்சடித்த எண். என் பெட்டியில் ஒரு ஐசியில் 7408 என்று ஒரு வரி, 7410 என்று ஒரு வரி. நான் 7410 என்று எடுத்து வைத்தேன், மூன்று உள்ளீட்டு நாண்ட் கேட். அரை நாள் அது சொன்ன பேச்சைக் கேட்கவே இல்லை. அது 7408, ஆண்ட் கேட். 7410 என்பது செய்த தேதி: 74ஆம் வருடம், 10ஆவது வாரம். எழுபதுகளின் நடுவில் செய்த சரக்கு எல்லாவற்றிலும் இந்தக் குழப்பம் உண்டு, ஏனென்றால் வருடமும் 74, வரிசையும் 74. என்னைவிட வயதில் மூத்த ஐசி அது, இன்னும் வேலை செய்கிறது.

இரண்டாவது, கறுத்த கால்கள். துரு என்று நினைத்துப் பாதியைத் தூக்கிப்போட இருந்தேன். செவ்வாப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் என் சித்தப்பாதான் கையில் வாங்கி நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "துரு இல்லடா, இது வெள்ளிக் கறுப்பு" என்றார். அவர் சொன்னது சரி. அந்தக் காலத்து ஐசி கால்களுக்கு வெள்ளி முலாம் போட்டிருப்பார்கள், காற்றில் இருக்கும் கந்தகம் பட்டு அது கறுத்துவிடும். பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்தால் போதும், பளிச்சென்று வருகிறது. அவர் பட்டறையில் கொலுசுக்குப் பூந்திக்கொட்டைத் தண்ணீர் வைப்பார்கள், ஐசிக்கு அதெல்லாம் வேண்டாம், ஈரமே காட்டாதீர்கள்.

பிப்ரவரி 27

இரண்டு நாளாக ஒரே சள்ளை. ரெஜிஸ்டர், அதாவது ஒரு எண்ணைப் பிடித்து வைக்கும் பாகம், தானாக மாறியது. பவர் சப்ளையில் 5 வோல்ட் சரியாக இருக்கிறது. கடைசி பிரெட்போர்டின் மூலையில் மல்டிமீட்டரை வைத்தால் 4.4. இந்த 74 வரிசை போன்ற டிடிஎல் ஐசிக்குக் குறைந்தது 4.75 வேண்டும்.

பிரெட்போர்டுக்குள் இருக்கும் தகட்டுக்கும் அதில் செருகும் வயருக்கும் நடுவே ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் மின்தடை. ஒரு ஆம்பியருக்கு மேல் ஓடும்போது அந்தக் கொஞ்சங்கள் சேர்ந்து அரை வோல்ட்டைத் தின்றுவிடுகின்றன. தடித்த செம்புக் கம்பியில் பவருக்கும் கிரவுண்டுக்கும் ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனி வழி இழுத்தேன், ஒவ்வொரு ஐசிக்கும் பக்கத்தில் ஒரு 0.1 மைக்ரோபாரட் கெபாசிட்டர் வைத்தேன். மூலையில் இப்போது 4.9. ரெஜிஸ்டர் அடங்கிவிட்டது. சித்தப்பா வெள்ளிக் கம்பி தரட்டுமா என்றார். வெள்ளியை மிஞ்சி மின்சாரம் கடத்தும் உலோகம் கிடையாதுதான், ஆனால் செம்பு அதற்கு மிக அருகில் வந்துவிடும்.

மார்ச் 2

"16 பைட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. பெரிதாகவே செய்யலாம். ஜிகாட்ரான் என்று ஒன்று இருக்கிறது, 36 டிடிஎல் ஐசிதான், மைக்ரோப்ராசஸர் கிடையாது, திரையில் வண்ணப் படமே காட்டும். பில் பஸ்பி என்பவர் கட்டிய மேஜிக்-1இல் 200க்கும் மேல் ஐசிகள், அதில் மினிக்ஸ் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டமே ஓடுகிறது. நான் 16இல் நிற்கக் காரணம், ஒவ்வொரு வயரும் எதற்கு என்று எனக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். அதைத் தாண்டிப் போனால் நான் படத்தைப் பார்த்துக் கோக்கும் ஆளாகிவிடுவேன்.

மார்ச் 6

நினைவகம் இன்று. 74189, ஒன்றுக்கு 16 இடம், இடத்துக்கு 4 பிட், ஆக இரண்டு. 5ஐ எழுதினால் 10 வருகிறது, 0 எழுதினால் 15. பழுதில்லை. இந்த ஐசி நாம் எழுதியதைத் தலைகீழாகத்தான் வெளியே காட்டும், அப்படியே வடிவமைத்திருக்கிறார்கள். பஸ்ஸிலிருந்து (எல்லாப் பாகங்களும் எண்ணைப் பரிமாறிக்கொள்ளும் பொது வயர்கள்) நினைவகத்துக்குப் போகும் வழியில் இரண்டு 7404 இன்வெர்ட்டர் போட்டு முன்கூட்டியே தலைகீழாக்கி அனுப்புகிறேன். அதற்குப் பிறகு இரண்டு 74157, பஸ்ஸா கைச் சுவிட்ச்சா என்று தேர்ந்தெடுக்க.

ஆத்தூர்த் தம்பி உடனே எழுதிவிட்டார்: 74157க்குப் பதில் 74158 போட்டால் அதுவே தலைகீழாக்கிவிடும், இரண்டு 7404 மிச்சம் என்று. நல்ல யோசனை. கைவசம் 74158 இல்லை, அடுத்த முறை சென்னை போகும்போது வாங்குகிறேன்.

மார்ச் 9

74181இல் ஏ=பி என்று ஒரு கால் இருக்கிறது. இரண்டு எண்களும் சமமென்றால் எரியும் என்று நான் நம்பினேன். எப்போதும் அணைந்தே இருந்தது. முதல் காரணம் எளிது: அது ஓப்பன் கலெக்டர் வகை, மேலே இழுக்க ஒரு ரெசிஸ்டர் வேண்டும், போட்டேன். அப்புறம் எரிந்தது, ஆனால் சம்பந்தமில்லாத நேரத்தில் எல்லாம்.

அந்தக் கால் எதையும் ஒப்பிடுவதே இல்லை. விடையின் நான்கு பிட்டும் 1 ஆக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. கழித்தல் வைத்து, கேரி இன்புட்டை மேலே வைத்தால் ஐசி செய்வது "ஏ கழித்தல் பி கழித்தல் ஒன்று". இரண்டும் சமமென்றால் விடை கழித்தல் ஒன்று, அதாவது 1111, அப்போது எரியும். கூட்டும்போது அது எரிந்தால் அதற்குச் சமம் என்று அர்த்தமில்லை. பெயரைப் பார்த்து நம்பியதற்கு மூன்று ராத்திரி போயிற்று.

மார்ச் 24

பிப்ரவரி 11இல் நான் எழுதியது தப்பு. கூட்டலில் தொடங்குங்கள் என்றேன். கூட்டல் ஒரு நாள் வேலை. ஒரு மாதமாக என்னை விழுங்கியது வேறு: எந்த நொடியில் யார் பஸ்ஸில் பேச வேண்டும், யார் கேட்க வேண்டும், மற்றவர்கள் எல்லாம் எப்போது வாயை மூட வேண்டும். கன்ட்ரோல். புதிதாகத் தொடங்குபவர்கள் கிளாக்கையும் (படிக்குப் படி நகர்த்தும் துடிப்பு) கன்ட்ரோலையும் முதலில் காகிதத்தில் எழுதி முடித்துவிட்டு மற்றதைத் தொடுங்கள்.

என் இயந்திரத்தில் 16 கன்ட்ரோல் வயர்கள். ரெஜிஸ்டர் ஏ வாங்கு, ரெஜிஸ்டர் ஏ கொடு, நினைவகம் கொடு, கவுண்டர் ஒன்று ஏறு, இப்படி. ஒரு கட்டளையை முடிக்க நான்கு ஐந்து படிகள், ஒவ்வொரு படியிலும் இந்த 16இல் எவை மேலே எவை கீழே என்று ஒரு வரிசை. அந்த வரிசைகளுக்குத்தான் மைக்ரோகோட் என்று பெயர், அவற்றை எல்லாம் இரண்டு 2716 ஈப்ராமில் (மின்சாரம் போனாலும் மறக்காத நினைவக ஐசி) எழுதி வைத்திருக்கிறேன். கட்டளையின் 4 பிட், படி எண் 3 பிட், கேரியும் பூஜ்யமும் 2 பிட், மொத்தம் 9 முகவரி வயர். 2716க்கு 11 உண்டு, மீதி இரண்டையும் கிரவுண்டில் கட்டிவிடுங்கள், அந்தரத்தில் விட்டால் என்ன படிக்கும் என்று யாருக்கும் தெரியாது.

இதைக் காகிதத்தில் கட்டம் போட்டு, மேலே வேண்டிய இடத்தில் கறுப்புப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். அப்பா பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். "யார் சேலைக்கு அட்டை அடிக்கிற?" என்று கேட்டார்.

நாற்பது வருடம் ஜக்கார்டு தறியில் உட்கார்ந்தவர் அவர். தறியை நிறுத்தி நான்கு வருடமாகிறது, மேலே ஜக்கார்டுப் பெட்டி இன்னும் அப்படியே இருக்கிறது. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், அதன் கொக்கி பாவு நூலைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் ஊசி தள்ளப்படும், அந்த நூல் கீழேயே கிடக்கும். மிதியை ஒரு முறை மிதித்தால் ஒரு அட்டை நகரும். நான் அவருக்கு விளக்கவில்லை, அவர்தான் எனக்கு விளக்கினார்: "உன் கடிகாரம் மிதி. இந்த வரி ஒரு அட்டை. இந்தப் பதினாறும் கொக்கி." அப்புறம் என் கட்டத்தில் ஒரு வரியைத் தொட்டு, "இங்க ரெண்டு பேர் ஒண்ணா தூக்குறாங்களே, சிக்காதா?" என்றார். சிக்கும். நினைவகமும் ரெஜிஸ்டரும் ஒரே படியில் பஸ்ஸில் பேசுவதாக எழுதி வைத்திருந்தேன்.

ஏப்ரல் 2

தறியையும் கணினியையும் ஒப்பிடுவது மேடைப் பேச்சுக்குத்தான் சரி என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நான் ஏற்கவில்லை. ஜக்கார்டு 1804இல் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார், சார்லஸ் பேபேஜ் தன் அனலிட்டிகல் எஞ்சின் என்ற கணக்கு இயந்திரத்துக்கு அந்த அட்டைகளைத்தான் எடுத்துக்கொண்டார். அதை விடுங்கள். எலக்ட்ரானிக்ஸ் ஒரு நாளும் படிக்காத ஒருவர் என் மைக்ரோகோடில் பிழை கண்டுபிடித்தார். வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

ஏப்ரல் 28

அந்தப் பிழையைத் திருத்த ஈப்ராமை அழிக்க வேண்டும். 2716இல் எழுதும்போது 1ஐ 0 ஆக்கலாம், 0வை மறுபடி 1 ஆக்க முடியாது. அட்டையில் துளை போடுவது மாதிரியேதான். மேலே இருக்கும் கண்ணாடி ஜன்னல் வழியாகப் புற ஊதா ஒளி காட்டி மொத்தத்தையும் அழித்துத்தான் திரும்ப எழுத வேண்டும். அழிக்கும் விளக்கு என்னிடம் இல்லை. நேரடி வெயிலில் ஒரு வாரத்தில் அழியும் என்று அதன் டேட்டாஷீட்டே சொல்கிறது. சேலத்து ஏப்ரல் வெயில் இருக்கும்போது விளக்கு எதற்கு? மொட்டை மாடியில், அம்மாவின் வடகத் தட்டு ஓரத்தில், கால்களை அலுமினியத் தாளில் குத்தி வைத்தேன். எட்டு நாள். எடுத்துப் படித்தால் எல்லா இடத்திலும் 1. எழுதி முடித்ததும் ஜன்னலில் ஸ்டிக்கர் ஒட்ட மறக்காதீர்கள்.

மே 1

ஓடியது. ஃபிபோனாச்சி, முந்தைய இரண்டு எண்களையும் கூட்டினால் அடுத்தது. 1, 1, 2, 3, 5, 8, கடைசியில் 233. அடுத்தது 377, எட்டு பிட்டில் அடங்காது, கேரி எழும்பும், தாவி முதலிலிருந்து. இதற்கு மேல் இன்று எழுத வரவில்லை.

மே 14

ஏற்காட்டில் அக்கா வீட்டுக்கு இயந்திரத்தைக் கொண்டுபோனேன். மாமாவும் பிள்ளைகளும் பார்க்க வேண்டும் என்றார்கள், வெயிலிலிருந்து எனக்கும் பத்து நாள் விடுதலை. காரில் பின் சீட்டில் மெத்தை போட்டு அதன் மேல் வைத்தேன். 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போய்ச் சேர்ந்து மின்சாரம் கொடுத்தால் எல்லா எல்இடியும் எரிகிறது, எதுவும் நகரவில்லை. டிடிஎல்லில் அந்தரத்தில் நிற்கும் உள்ளீடு 1 என்றே படிக்கப்படும், அதனால் எல்லாம் எரிந்தால் ஏதோ கழன்றிருக்கிறது. எண்ணினேன், 11 வயர்கள். ரெஜிஸ்டரில் இருக்கும் ஒரு 74எல்எஸ்173க்குக் கால் ஒன்று உடைந்தே போயிற்று.

பிரெட்போர்டு நிற்க மட்டும்தான். பயணம் போக வேண்டுமென்றால் சால்டர் பண்ணுங்கள்.

மே 15

வயர்களைச் செருகியாயிற்று, உடைந்த 173க்குப் பதில் பெட்டியில் இருந்த 74ஹெச்சி173 போட்டேன், அதே வேலை செய்யும் வேறு வகை. 8க்குப் பிறகு 13 வரவேண்டிய இடத்தில் 5 வருகிறது, சில சமயம் 13. சாயங்காலம் மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளேயே வந்துவிடுகிறது, ஈரம்தான் காரணம் என்று நினைக்கிறேன். ஹேர் டிரையர் பிடித்துப் பார்க்கப்போகிறேன்.

மே 17

பனி மேல் பழி போட்டது தப்பு. இரண்டு நாள் டிரையர் பிடித்ததும் வீண்.

13க்கும் 5க்கும் வித்தியாசம் 8. அதாவது ஒரே ஒரு பிட். அதை அன்றைக்கே பார்த்திருக்க வேண்டும். அந்த ஒரு வயரில் 1 வரவேண்டிய நேரத்திலும் 0 வருகிறது என்றால் ஈரம் ஒரு பிட்டை மட்டும் தேடிப்பிடித்துத் தாக்காது. தேடிப்போனால், அந்த பிட்டின் கேரியைக் கொண்டுவரும் வயரில் நான் பார்ப்பதற்காக ஒரு எல்இடியை நேரடியாகத் தொங்கவிட்டிருந்தேன். அந்த எல்இடி மின்சாரத்தை இழுத்து, மேலே நிற்க வேண்டிய வயரை 2.6 வோல்ட்டுக்கு இறக்கிவிட்டது. டிடிஎல்லுக்கு 2 வோல்ட் இருந்தாலே 1 என்று புரியும், அதனால் கீழே சேலத்தில் பிரச்சினையே இல்லை. ஹெச்சி வகைக்கு 5 வோல்ட் சப்ளையில் 3.5 வேண்டும். 2.6 என்பது அதற்கு ரெண்டும் கெட்டான். ஹெச்சிடி வகை டிடிஎல் அளவைப் புரிந்துகொள்ளும், ஒரு டி எழுத்துதான் வித்தியாசம். அந்த எல்இடியைத் தனி பஃபர் (வயரைச் சுமக்க விடாமல் நடுவே நிற்கும் ஐசி) வழியாகக் கொடுத்தேன், கீழே போனதும் ஹெச்சிடி வாங்க வேண்டும்.

மே 18

நேற்றையதில் ஒரு திருத்தம், நாமக்கல் அண்ணன் கேட்டது சரிதான்: கேரி வயர் இரண்டு 74181க்கும் நடுவே போவது, அது ஹெச்சி ஐசியைத் தொடவே தொடாது, பின்னே எப்படி? மறுபடி படத்தை எடுத்துப் பார்த்தேன். எல்இடி தொங்கியது கேரியில் இல்லை, பஸ்ஸின் நான்காவது வயரில், 8ஐச் சுமக்கும் வயர் அதுதான். மற்ற ஏழிலும் பஃபர் இருந்தது, இது ஒன்றில் மட்டும் அவசரத்தில் விட்டிருக்கிறேன். அது 1 ஆக நிற்கும்போது ஹெச்சி இரண்டுங்கெட்டான் அளவில் தடுமாறி 0 என்று படித்துவிட்டது. 13இல் 8 உண்டு, அது போனால் 5. கணக்கு ஒத்துவருகிறது. நன்றி அண்ணா.

ஜூன் 9

அம்மாப்பேட்டை. இடி மழை, மின்சாரம் போய்ப் போய் வருகிறது. 74189 மின்சாரம் போனால் மறந்துவிடும். ஒவ்வொரு முறையும் 16 பைட்டையும் சுவிட்ச் சுவிட்ச்சாகத் தட்ட வேண்டும், 128 சுவிட்ச். நேற்று ஐந்து முறை. மூன்றாவது முறையே அப்பா தாங்கவில்லை: "அதுக்கும் அட்டை அடிச்சுக்கயேன்டா."

ஜூன் 22

அடித்தாயிற்று. பழைய ஜக்கார்டு அட்டையிலேயே 16 துண்டு, ஒவ்வொன்றிலும் 8 இடம். அப்பா தன் துளைப்பானை எடுத்து எண்ணெய் விட்டுத் துடைத்து, நான் எழுதிக் கொடுத்த கட்டத்தைப் பார்த்து அவரே அடித்தார், அவர் பழக்கப்படி நூலால் சரமாகக் கோத்தும் கொடுத்தார். கீழே கிரவுண்டில் கட்டிய ஒரு செம்புத் தகடு, மேலே எட்டுப் பித்தளை நாக்குகள். துளை வந்தால் நாக்கு தகட்டைத் தொடும், வயர் 0 ஆகும். துளை இல்லையென்றால் ரெசிஸ்டர் அதை 1இல் பிடித்திருக்கும்.

இங்கே ஒன்று கவனியுங்கள். துளை என்றால் 0 வருகிறது, நமக்குத் துளை என்றால் 1 வேண்டும். இன்வெர்ட்டர் தேடப் போனவன் நின்றுவிட்டேன். 74189 தலைகீழாகத்தானே காட்டும்! அட்டையின் நாக்குகளை 74157இன் கைச் சுவிட்ச் பக்கத்தில் நேரே கட்டினேன், 0 எழுதினால் 1 ஆக வெளியே வருகிறது. மார்ச் 6இல் ஆத்தூர்த் தம்பி சொன்ன 74158ஐ வாங்காமல் விட்டது நல்லதாயிற்று. அது அட்டை வழியையும் சேர்த்துத் திருப்பியிருக்கும்.

முதல் ஓட்டத்தில் 3க்குப் பிறகு நின்றுவிட்டது. எட்டாவது அட்டையில் ஒரு துளை அதிகம், என் கட்டத்தில் நான் வைத்த தப்பான புள்ளி. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் பசை தடவி அந்தத் துளையை மூடி, கட்டை விரலால் தேய்த்து, தள்ளி வைத்து ஊதினார். ஈப்ராமுக்கு எட்டு நாள் வெயில், இதற்கு ஒரு நிமிடம்.

அப்புறம் ஓடியது. 233 வந்ததும் மறுபடி 1.

"ஏன் இதுக்கு மேல போக மாட்டேங்குது?"

"எட்டுத் துளைதானப்பா. 255 வரைக்கும்தான் எண்ண முடியும்."

"அப்ப பதினாறு போடு. அட்டையில இடம் இருக்குல்ல."

இடம் இருக்கிறது. யாரிடமாவது இரண்டு 74எல்எஸ்181 சும்மா கிடந்தால் சொல்லுங்கள், சேலத்தைச் சுற்றி எங்கே என்றாலும் நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். கால் கறுத்திருந்தாலும் பரவாயில்லை.